அசையாமல் நிற்பதுதான் வெள்ளி

சூரியனைப் படமெடுக்க, கேமராவின் முன்னால் மாட்டும் கறுப்புத் தாளை உறையிலிருந்து உருவினேன். அது வளைந்து டொபடொபவென்று அதிர்ந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா சட்டென்று திரும்பினாள். அப்பாவின் எக்ஸ்ரே படம் இப்படித்தான் சத்தம் போடும்.

வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்த அன்று எனக்கு ஒன்பது வயது. ராஜபாளையத்தில் பஞ்சு மில்லில் வேலை பார்த்த அப்பாவுக்கு விடாத இருமல். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர், “வெறும் சளிதான்” என்று படத்தைப் பீரோ மேல் போட்டுவிட்டார். வெள்ளியைப் பார்க்க அதையே மாடிக்கு எடுத்துவந்தார். அது கண்ணுக்குக் கேடு என்று எங்களுக்குத் தெரியாது. தெருவே வரிசையில் நின்று, அப்பாவின் விலா எலும்புகளுக்கு நடுவே சூரியனைப் பார்த்தது.

அம்மாவின் முறை வந்தது. கையை நீட்டிப் படத்தைப் பிடித்தாள்.

“ரெண்டு புள்ளி தெரியுதே, இதுல வெள்ளி எது?”

“படத்தைச் செத்த அசைச்சுப் பாரு. அசையாம நிக்கிறதுதான் வெள்ளி,” என்றார் அப்பா, உற்சாகமாக.

அம்மா அசைத்தாள். ஒரு புள்ளி நெஞ்சோடு சேர்ந்து நகர்ந்தது. படத்தைத் தாழ்த்தி, டாக்டர் பேனாவால் வைத்திருந்த அந்தப் புள்ளியை விரலால் தொட்டாள்.

“சளின்னு சொன்னிய.”

அம்மா படத்தை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். அடுத்த கோடையில் அப்பா இல்லை.

இன்று எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். சூரியன்மேல் சின்னதாய் ஒரு கரும்புள்ளி. முந்தானையால் கேமராவின் திரையை அழுத்தித் துடைத்தாள். புள்ளி போகவில்லை.

“இது சூரியன்லதான இருக்கு?”

“ஆமாம்மா.”

“அப்பச் சரி,” என்று கேமராவைத் திருப்பித் தந்தாள்.