மாப்பிள்ளையின் டவுன்லோடு கணக்கு

என் மாப்பிள்ளை காலையில் எழுந்ததும் முகம் கழுவமாட்டார். கணினியைத் திறந்து, தன் மென்பொருளை நேற்று எத்தனை பேர் டவுன்லோடு செய்தார்கள் என்று பார்ப்பார். எண் ஏறியிருந்தால் குளியலறையில் பாட்டுக் கேட்கும். இறங்கியிருந்தால் தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்காது.

பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் இந்த மென்பொருள்தான். கோணலாக ஸ்கேன் செய்த பக்கத்தை அது நேராக்கும். அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். "ஊர்ப் பக்கத்தை எல்லாம் நிமிர்த்துறாரு, நம்ம பக்கம் திரும்பத்தான் நேரமில்ல" என்பாள் என் மகள்.

சும்மா எடுத்துப் போகிறவன் நன்றி சொல்ல வரமாட்டான். ஆகவே தன் உழைப்புக்கு ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த ஒரே வழி அந்த எண்தான்.

இப்படிப்பட்ட மென்பொருள்களுக்குத் தன் சர்வரில் இடம் கொடுத்துவந்த ஒரு நிறுவனம், இடம் போதவில்லை, ஆள் வராதவை வெளியேற வேண்டும், கணக்குப் பார்க்க எங்களிடம் ஆள் இல்லை, அவரவர் டவுன்லோடு விவரத்தை அவரவரே எடுத்து அனுப்புங்கள் என்று எழுதியது. மாப்பிள்ளைக்குக் கவலையே இல்லை. அவருடைய டவுன்லோடு வரைபடம் மலை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது.

"பாருங்க அத்தை, போன மாசத்தைவிட இன்னும் ஜாஸ்தி."

"ஏறுறதெல்லாம் நல்லதுன்னு இல்ல மாப்பிள்ளை. ரத்தக்கொதிப்பும் இப்படித்தான் ஏறும்."

விவரத்தை அனுப்புவதற்குள் நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார். நான் வேலைக் காலம் முழுக்க நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். மாப்பிள்ளையாக இருந்தாலும் நோயாளி நோயாளிதான். மடிக்கணினியைப் பிடுங்கி அலமாரியில் வைத்தேன். ஆவி பிடிக்கும் கருவிக்குக் கட்டில் அருகே வேறு பிளக் இல்லை. மேசைக்கு அடியில் இரைந்துகொண்டிருந்த கறுப்புப் பெட்டியின் பிளக்கை உருவிவிட்டு இதைச் சொருகினேன். இரைச்சலும் நின்றது, தூக்கமும் வந்தது.

தேறியதும் வரைபடத்தைத் திறந்தார். முகம் வெளுத்தது. மறுபடி காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"எல்லாரும் போயிட்டாங்க அத்தை."

"யாரு?"

"டவுன்லோடு பண்றவங்க. நான் படுத்த அன்னிக்கே போயிட்டாங்க."

"உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?"

மெதுவாகக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்.

"இந்த பிளக்கை யாரு எடுத்தது?"

"நான்தான். மூச்சு உங்களுக்கு வேணுமா, அதுக்கு வேணுமா?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மென்பொருள் ஒழுங்காக இறங்குகிறதா என்று சோதிப்பதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அவர் உள்ளே ஒரு எழுத்தை மாற்றினாலும், மாற்றாவிட்டாலும், யாரோ வெளியாள் மாதிரி சர்வருக்குப் போய்ப் புதிதாக டவுன்லோடு செய்துகொண்டே இருக்கும். சர்வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் என்று எண்ணிக்கொண்டது. அவர் சோதனையைக் கூட்டக் கூட்ட எண்ணும் ஏறியது. இத்தனை நாளும் உலகம் என்று அவர் நினைத்தது மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தது.

மகள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "தன் முதுகைத் தானே தட்டிக்க ஒரு மெஷினா?" பிறகு, "சரி விடுங்க, அந்தப் படத்தையே அனுப்புங்க. அவங்க வந்து நம்ம மேசைக்கு அடியிலயா பார்க்கப் போறாங்க?" என்றாள்.

"நான் பார்த்துட்டேனே" என்றார்.

உட்கார்ந்து கழித்தார். தன் பெட்டியைக் கழித்தார். சும்மா மேய்ந்துவிட்டுப் போகும் தேடல் இயந்திரங்களைக் கழித்தார். மிச்சம் வழுக்கைத் தலை முடி மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கலாம். அதையே அனுப்பினார். நிறுவனம் நேர்மைக்கு நன்றி சொல்லிவிட்டு மென்பொருளை வெளியே தள்ளியது.

"இனிமே யாருக்காக அத்தை?" என்று மடிக்கணினியை மூடிவைத்துவிட்டார். சமாதானம் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. மாத்திரை கொடுத்தேன்.

சர்வரில் இடம் போன மறுநாளே வசவு வர ஆரம்பித்தது. ஒரு நீதிமன்ற எழுத்தர், புதுக் கணினிக்கு எடுக்கப் போனால் மென்பொருளைக் காணோம், தாக்கல் செய்ய வேண்டிய பக்கமெல்லாம் சாய்ந்து நிற்கிறது, உமக்கு மனசாட்சி உண்டா என்று கேட்டிருந்தார். ஒரு இசை ஆசிரியை சாபமே விட்டிருந்தார். அதுவரை ஒரு நல்ல வார்த்தை எழுதாதவர்கள் எல்லாம் வரிசையில் வந்து ஏசினார்கள்.

"கேளுங்க அத்தை, இவரு என்னைச் சோம்பேறிங்கிறாரு! இந்தம்மா பொறுப்பில்லாதவன்னு எழுதியிருக்காங்க!"

இவ்வளவு பூரிப்போடு வசவு வாங்கிய மனிதரை நான் பார்த்ததில்லை. இடமில்லாமல் போனதைச் சொல்லி ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார். ஏசியவர்களிலேயே மோசமாக ஏசியவர் ஒரு சின்ன நூலகத்தின் நூலகர். "எங்க சர்வர்ல ஒரு மூலை காலியா இருக்கு, கொண்டுவந்து வெச்சுத் தொலைங்க. மாசாமாசம் டவுன்லோடு எண்ணிக்கை வேணுமா?" என்று எழுதினார்.

பட்டது போதும், வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் யோசிக்கத் தும்மல் போடும் நேரம்கூட எடுக்கவில்லை.

"அனுப்புங்க. எங்க வீட்டுப் பெட்டியைக் கழிச்சிட்டு அனுப்புங்க" என்று தட்டினார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.