ஜெட் ஸ்கிக்குக் கொடுத்த தண்ணீர்

எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் கார் நிற்பதில்லை. கார் தெருவில் வெயிலில் காய்கிறது. நிழலில் ஜெட் ஸ்கி நிற்கிறது. என் கணவரும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் சேர்ந்து, கடலில் ஓட்ட வாங்கிய பழைய வண்டி. ஓட்டுவதற்கு மூன்று பேர், கழுவும்போது கூட நிற்பதற்கு நான் ஒருத்தி.

கடலில் ஓடிய வண்டியை அன்றைக்கே கழுவ வேண்டும். வெளியே மட்டும் கழுவினால் போதாது, உள்ளேயும் கழுவ வேண்டும். இஞ்சினைக் குளிர வைக்க அது கடல் தண்ணீரைத்தான் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த உப்பு உள்ளே தங்கினால் அரித்துவிடும். அதனால் ரப்பர் குழாயை மாட்டி நல்ல தண்ணீரை உள்ளே ஓடவிடுவார்கள். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இஞ்சினை முடுக்க வேண்டும், பிறகுதான் பைப்பைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் பைப்பு, பிறகு இஞ்சின். முன்கூட்டித் திறந்தால் இஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். என் கணவர் கைகாட்டாமல் மூடினால் இஞ்சின் சூடேறிக் கெட்டுவிடும். ஒருமுறை அவசரப்பட்டுத் திறந்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதிலிருந்து அவர் கையைப் பார்த்துத்தான் பைப்பைத் தொடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாசாயில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கத் தண்ணீர் நின்றுபோயிருந்தது. எங்களுக்குக் கவலையில்லை. முந்தைய தடவை பட்ட பாட்டில், வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய நீலத் தொட்டியும் பம்ப்பும் வைத்திருந்தோம். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது.

காலையில் எதிர்வீட்டு அக்கா கேட்டருகே வந்தார். பிள்ளை பெற்ற மகள் அவர் வீட்டில் பச்சைக் குழந்தையோடு இருந்தாள்.

“தங்கச்சி, ஒரு வாளி தண்ணி கிடைக்குமா? மகளுக்கு வெந்நி வெக்கணும். எங்க டேங்க் காஞ்சு போச்சு.”

“ஐயோ அக்கா, எங்களுக்கே இல்லக்கா. பிள்ளைங்க முகம் கழுவக்கூட பத்தல.”

யோசித்துச் சொல்லவில்லை, தானாக வந்தது. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது வெறும் கஞ்சத்தனம். அதிலும் பிள்ளைகளை வேறு இழுத்துக்கொண்டேன்.

“பரவால்லமா, லோரி வரும்னு சொல்றாங்க” என்று அவர் போய்விட்டார்.

மதியத்துக்கு மேல் தெருமுனையில் தண்ணீர் லோரி வந்தது. ஜனங்கள் வாளியும் பாத்திரமுமாக ஓடினார்கள். நான் சன்னல் திரையை இழுத்துவிட்டு டிவி பார்த்தேன்.

மாலையில் மெர்சிங் கடற்கரையிலிருந்து இவர் வந்தார், முகமெல்லாம் கறுத்து, ஒரே சந்தோஷத்தோடு.

“என்னங்க, இன்னைக்கு வேணாம். தாமான்ல யாருக்கும் தண்ணி இல்ல.”

“அலமாக், உப்பு தின்னுரும்லா! கொஞ்ச நேரந்தான். கெட்டுப் போச்சுன்னா அவனுங்களுக்கு யாரு பதில் சொல்றது?”

காலையில் நடந்ததைச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். ஆனால் அதற்கு என் பொய்யையும் சொல்ல வேண்டுமே. வாயை மூடிக்கொண்டு பைப்படியில் போய் நின்றேன்.

இஞ்சின் அலறியது. கைகாட்டினார், திறந்தேன். பின்னால் பம்ப்பு முனகியது. வண்டியின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து, போர்ச்சைத் தாண்டித் தெருச் சாக்கடைக்கு ஓடியது.

அப்போதுதான் எதிர்க் கேட் திறந்தது. அக்கா கையில் வாளியோடு வந்தார். ஓடுகிற தண்ணீரைப் பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். வாளி நிறைந்திருந்தது.

“தங்கச்சி, நீ லோரிக்கு வரலயே, அதான் உனக்கும் ஒரு வாளி பிடிச்சு...” என்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தவர், காலடியில் ஓடிய தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டார்.

என் கை பைப்பில் இருந்தது. மூட முடியவில்லை. இவர் வண்டிமேல் குனிந்து இஞ்சின் சத்தத்தையே கவனித்துக்கொண்டிருந்தார். போதும் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. அக்கா பார்க்கப் பார்க்க, நானே திறந்துவிட்ட தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றால் கீழே சிமெண்டுத் தரை.

அக்கா வாளியைக் கேட்டுக்கு உள்பக்கம் மெதுவாக, சிந்தாமல் வைத்தார். பிறகு திரும்பிப் போனார்.

ஒருவழியாக இவர் கையைத் தூக்கினார். மூடினேன். இஞ்சின் இரண்டு உறுமல் உறுமி நின்றது. இறங்கி வந்தவர் கண்ணில் வாளி பட்டது.

“பரவால்லயே, ரெடியா வெச்சிருக்க!”

நான் “ஐயோ, அது...” என்பதற்குள் தூக்கி ஜெட் ஸ்கியின் சீட்டில் ஊற்றிவிட்டார்.

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. காலி வாளியை என்னிடம் நீட்டினார். அதில் தொட்டித் தண்ணீரை நிரப்பி, எங்கள் வாளி ஒன்றையும் நிரப்பி, எதிர்வீட்டுக்குத் தூக்கிப் போனேன்.

“அங்கன வெச்சிட்டுப் போமா. பிள்ளையக் குளிப்பாட்டணும்” என்றார் அக்கா.

“மன்னிச்சிருங்கக்கா.”

“எதுக்குமா?”

அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு வாளியையும் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவமானம் அன்றோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

போன மாதம் மறுபடியும் தண்ணீர் நின்றது. விடிந்ததும் கேட்டைத் திறந்து வைத்தேன். இரண்டு வாளி நிறையத் தண்ணீர் பிடித்துப் போர்ச்சில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா காலி வாளியோடு வெளியே வந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் எங்கள் கேட்டைத் தாண்டி, கடைசி வீட்டு மலாய்க்காரக் குடும்பத்தை நோக்கி நடந்தார்.

போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்து, தினமும் காலையில் கேட்பதையே கேட்டார்.

“பசியாறிட்டியாமா?”

“பசியாறிட்டேன்க்கா” என்றேன்.