சாமை குடியேறும் மாதம்

கங்காணி என்னையும் என் வீட்டுக்காரரையும் பேளுக்குறிச்சிச் சந்தையில்தான் பிடித்தார். மலைமேல் காப்பித் தோட்டத்துக்கு ஆள் வேண்டும், வருஷம் முழுக்க வேலை, குடியிருக்க லயன் வீடு என்று வாய் ஓயாமல் சொன்னார். எனக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். மழை பொய்த்துக் கீழ்நாட்டில் ஊர் ஊராக வேலைக்கு அலைந்த காலம் அது. வீடு என்ற ஒரு சொல்லுக்காகவே நான் மூட்டையைக் கட்டினேன். மலை ஏற ஒரு முழுப் பகல் பிடித்தது. ஏறிப் போய்ப் பார்த்தால் லயன் என்று இருந்தது ஒரே வரிசை. ஒவ்வோர் அறையிலும் இரண்டு குடும்பம் அடைந்து கிடந்தது.

"இப்போதைக்கு எங்கியாச்சும் ஒதுங்கிக்கங்க. அடுத்த வரிசை கட்டப் போறாங்க," என்றார் கங்காணி.

அந்த அடுத்த வரிசையை நான் மலையில் இருந்தவரை பார்க்கவில்லை. காப்பிச் செடிக்கு எந்த மரம் நிழல் தரும், எத்தனை அடிக்கு ஒரு குழி என்றெல்லாம் உட்கார்ந்து யோசித்த தோட்டத்துக்காரர்களுக்கு, குழி வெட்டுகிறவன் எங்கே படுப்பான் என்று மட்டும் யோசிக்கத் தோன்றவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு மாதம் சாக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் கிடந்தோம். தோட்டம் இருந்த வளப்பூர் நாட்டில் வெளியாள் குடிசை போட வேண்டுமென்றால் ஊர்ப் பெரியவர்கள் சம்மதிக்க வேண்டும். அவர்கள் சம்மதிக்கவில்லை. ஒருத்தருக்கு இடம் விட்டால் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்து விழுவார்கள் என்று பயந்தார்கள். அவர்கள் பயம் நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் வயிறு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு மலைக்காரர் இரங்கினார். அவர் வீட்டுக்கு எதிரே ஒரு தானியக் குச்சு இருந்தது. எலி ஏறாமல் கல் கால்மேல் தூக்கிக் கட்டி, மூங்கில் தட்டிக்கு மண்ணும் சாணியும் பூசி, புல் வேய்ந்தது. ஜன்னல் கிடையாது. தவழ்ந்துதான் நுழைய வேண்டும், நுழைந்தாலும் நிமிர முடியாது. போன வருஷத்துச் சாமை தீர்ந்து காலியாகக் கிடந்தது. அடுப்பு எரியாத இடத்தை ஊர் வீடு என்று கணக்கில் எடுக்காது. ஊர்க் கணக்கில் இருந்த அந்த ஓட்டையை வைத்துத்தான் அவர் எங்களை உள்ளே விட்டார்.

"வெளியில கல்லுக் கூட்டிச் சோறாக்கிக்கங்க. உள்ளார நெருப்பு வரப்படாது. சாமை வர்ற வரைக்கும் இருங்க," என்றார்.

வாடகை கேட்கவில்லை. கதிர் பால் பிடிக்கும்போது குருவி ஓட்ட ஓர் ஆள் வேண்டும் என்றார். அந்த ஆள் நான்தான் என்று முடிவாயிற்று.

அந்தக் குச்சிலேயே ஆடிக் கடைசியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மலைக்காரரின் மனைவிதான் பிரசவம் பார்த்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தன் இரண்டு பிள்ளைகளுக்கு வைத்திருந்த தேனில் எனக்கும் மருந்து குழைத்துத் தந்தாள்.

புரட்டாசி பிறந்ததும் அவள் வந்து குச்சின் சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"ஐப்பசியில சாமை குடி வரும் கண்ணு. அதுக்கு முன்னால பூசி மெழுகிக் காயப் போடோணும். எங்கியாச்சும் எடம் பாத்துட்டீங்களா?"

சாமை குடி வரும் என்றுதான் அவர்கள் பேசுவார்கள். ஐப்பசியில்தான் அந்த மலையில் அடைமழை. சாமை உள்ளே வந்தால் நாங்கள் வெளியே போக வேண்டும். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து ஊர் ஊராகப் போய்க் கேட்டார். கங்காணியின் காலில்கூட விழுந்தார். குழந்தைக்கு அதற்குள் இருமல் கண்டிருந்தது. மலைக் குளிரில் மரத்தடியில் கிடந்தால் அது பிழைக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் பைத்தியம் பிடித்தவள்போல் இருந்தேன்.

அந்த வருஷம் பார்த்துச் சாமை அப்படி விளைந்தது. கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்து நின்றது. பகலெல்லாம் பரண்மேல் உட்கார்ந்து, கத்தி, கவணில் கல் வைத்து விட்டுக் குருவி ஓட்டினேன். கதிரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. தானியத்துக்குக் கூரை உண்டு, என் குழந்தைக்கு இல்லை.

ஒரு நாள் காலையில் குருவிகள் கூட்டமாக வந்து இறங்கின. நான் கத்தினேன். கவணை எடுக்கவில்லை. எழும்பிப் பறந்து, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப உட்கார்ந்தன. மறுநாளும் அப்படியே செய்தேன். கல் வராத கூச்சலுக்குக் குருவி இரண்டு நாள்தான் பயப்படும். மூன்றாம் நாளிலிருந்து நான் கத்தக் கத்தத் தின்றன. வீடுவரை கேட்கும்படி கத்திக்கொண்டே, கவணை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு போட்டவர்களின் வாயில் மண்ணைப் போடுகிறோம் என்று தெரிந்தேதான் செய்தேன்.

அறுத்தபோது பாதிக்கு மேல் வெறும் உமி. மிஞ்சியது வீட்டுப் பானைகளிலேயே அடங்கிவிட்டது.

"இந்த வருசம் குச்சுக்கு வேலையில்லீங்க. நீங்களே இருந்துக்கங்க," என்றார் மலைக்காரர். என் வீட்டுக்காரர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

மழை கொட்டியது. கூரை தாங்கியது, குழந்தையின் இருமலும் நின்றது. தை மாதம் அவர்களுடைய பானைகள் காலியாயின. எங்கள் தோட்டத்தில் பறிப்பு முடிந்து, புது ஆள் எடுக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் புதுத் தோட்டத்துக்குக் காடு வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்காரரும் அக்காவும் வேலைக்குப் போனார்கள்.

மாசியில், விதைக்கென்று வீட்டுப் பரணில் கட்டி வைத்திருந்த சாமையை எடுத்துப் போக அக்கா மட்டும் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"அங்க எங்கீங்கக்கா தங்கியிருக்கீங்க?"

"லயன் ரொம்பிப் போச்சாமா. மாட்டுக் கொட்டாயில ஒரு மூலை குடுத்திருக்காங்க. சின்னவனுக்குத்தான் மூச்சு எளைக்குது."

விதையைத் தின்னவா எடுத்துப் போகிறாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் குச்சுக்குள் தலையை நீட்டிக் கூரையைப் பார்த்தாள்.

"ஒழுகுதா கண்ணு?"

"ஒழுகலீங்கக்கா."

"அது போதும். பச்சப் புள்ளய வெச்சிருக்கறே. நீ அன்னைக்குத் தொண்டை கிழியக் கத்துனது ஊட்டுக்குக் கேட்டுச்சு. நீயும் என்னதான் பண்ணுவே, சாமி?"

குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். திருப்பம்வரை அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிட்டு, கவணை எடுக்காததைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே குச்சைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அதனால் கூப்பிடவில்லை.