சின்னம்மாவின் முன்முடி

மன்னார் சலூனில் எனக்கு முன்னால் இருந்த பெண் போனில் ஒரு நடிகையின் படத்தைக் காட்டினாள்.

"இப்பிடி வெட்டுங்கோ அக்கா. அவருக்கு இதுதான் விருப்பம்."

கத்தரிக்கோல் சத்தம் கேட்டதும் எனக்குச் சின்னம்மாவின் நினைவு வந்தது.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. அவரைக் கட்ட இருந்தவருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அவர் லீவில் வந்திருந்தபோது எங்கள் தெருவில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டார்கள். ஜெனரேற்றர் புகைக்கும் கருவாட்டு மணத்துக்கும் நடுவே பாய் விரித்துப் பார்த்தோம். கதாநாயகிக்கு நெற்றியில் வெட்டிவிட்ட முன்முடி.

"நீரும் இப்பிடி வெட்டினால் நல்லாயிருக்கும்" என்றார் அவர் சின்னம்மாவிடம்.

மறுநாளே சின்னம்மா கண்ணாடி முன் நின்று வெட்டிக்கொண்டார். அம்மா கோபத்தில் அவரோடு கதைக்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் மாப்பிள்ளை சின்னம்மாவை உற்றுப் பார்த்தார்.

"முடி சரி. ஆனா முகம் அந்த நடிகையின்ரை மாதிரி வரேல்லையே."

"இது என்ரை முகம். கலியாணத்துக்கும் இதுதான் வரும். வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ."

அவர் சிரித்து மழுப்பினார். அன்று பின்னேரமே சின்னம்மா கலியாணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

சில கிழமைகளில் முடி வளர்ந்து கண்ணை மறைத்தது. அம்மா கிளிப்பை நீட்டினார்.

"இனி ஏனடி இந்தக் கோலம்? வளர விடு."

"அவர் சொல்லித்தான் வெட்டினனான். ஆனா எனக்கு இது வடிவாத்தானே கிடக்கு" என்றார் சின்னம்மா.

இப்போது அவர் கனடாவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். அனுப்பும் படங்களில் தலை முழுக்க நரைத்துவிட்டது. முன்முடியை மட்டும் இன்னும் தானே வெட்டிக்கொள்கிறார்.