அரக்கு முத்திரை வைத்த பென் டிரைவ்

மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை பிரதியைத் திறந்து, உள்ளே இருப்பது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த நான்கு வரிகளையும் நானே எழுதி, தட்டச்சு செய்து, நாகர்கோவிலில் என் நண்பனின் அலுவலகச் சுவரில் ஒட்டினேன்.

நண்பன் உரிமம் பெற்ற சர்வேயர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பி இங்கே பத்து சென்ட், இருபது சென்ட் வாங்குகிறவர்கள் அவன் போட்ட வரைபடத்தை நம்பித்தான் மதில் கட்டுகிறார்கள். பதினான்கு வருட வரைபடங்கள் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தன. நான் ஓய்வு பெறும்வரை அரசு அலுவலகத்தில் ஆவண அறையைக் கவனித்தவன். தினமும் காலை பத்தரைக்கு அவன் அலுவலகத்துக்குப் போய்ப் பத்திரிகை வாசிப்பேன். வரும் கடிதங்களுக்கு உள்வருகைப் பதிவேடு போடுவேன். ஏதாவது சந்தேகம் என்றால் அவன் என் பக்கம்தான் நாற்காலியைத் திருப்புவான். அந்த நாற்காலி திரும்புவதற்காகத்தான் நான் பஸ் ஏறினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

பிறகு அவர் வந்தார். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சுசீந்திரத்துக்காரர். தன் வயலை அளக்க வந்த மனிதர், அளந்து முடிந்த பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் வந்தார். மதியச் சாப்பாட்டுப் பையில், துவர்த்துத் துண்டில் சுருட்டிய ஒரு ஹார்டு டிஸ்க். கம்ப்யூட்டரில் அதைச் சொருகி, எல்லாவற்றையும் பிரதி எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். பதிவேடு இல்லை, கையொப்பம் இல்லை. பிரதி எடுத்த பிறகு சும்மா போகவும் மாட்டார். ஏதாவது ஒரு பழைய வரைபடத்தை டிஸ்கிலிருந்தே திறந்து, "இந்தக் குளத்துக்க கரை எங்க வருதுன்னு பாப்போமா?" என்பார். நண்பன் எழுந்துபோய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பான். இருவரும் சிரிப்பார்கள். குளத்தின் கரையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாவது வாரமே அவர் "அண்ணாச்சி" ஆகிவிட்டார். நான் ஐம்பது வருடமாக "ஏலே"தான். டீக்கடைக்காரர் கொண்டுவரும் ரசவடையில் முதல் தட்டு அவருக்குப் போனது.

வெளியே இருக்க வேண்டிய பிரதியை நானும் எடுத்தேன். முறைப்படி. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, பழுப்பு உறையில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, நண்பனிடம் கையொப்பம் வாங்கி என் வீட்டு பீரோவில் பூட்டினேன். அடுத்த மாதம் இருவர் முன்னிலையில் முத்திரை உடைபடும், புதுப் பிரதி, புது அரக்கு. ஆவண அறையில் எதையும் வெளியே அனுப்பும்போது நாங்கள் இப்படித்தான் செய்வோம். அவருக்குப் பிரதி எடுக்க அரை மணி நேரம் ஆகும். எனக்கு இரண்டு நொடி. இதை நண்பனிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

ஆடி மாதம் நண்பனுக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தேன். வாடிக்கையாளர்களின் வரைபடங்கள் தொடர்பில்லாத ஒருவர் வீட்டில் இருப்பது முறையல்ல, பொறுப்பை நிர்ணயிக்க முடியாது என்று. ஒவ்வொரு வாக்கியமும் சரி. எழுதிய காரணம் ரசவடை.

நண்பன் அதை இரண்டு முறை வாசித்தான். "ஏலே, அவரு நல்ல மனுசனில்லா?"

"எனக்க ரிக்கார்டு ரூமில பேப்பரைத் தொலைச்சது பூராவும் நல்ல மனுசங்கதான்."

அடுத்த வெள்ளிக்கிழமை, இனி பிரதி எடுக்க வர வேண்டாம் என்று நண்பன் தரையைப் பார்த்துக்கொண்டே அவரிடம் சொன்னான். அவர் என்னைப் பார்த்தார். "செரி. அப்ப இந்த டிஸ்கை இங்க தந்திரணுமா?"

அப்போது வாங்கியிருக்கலாம். வாங்கினால் அவர் கொண்டுவந்தது தேவையான பொருள் என்று ஆகிவிடும். "எழுத்துமூலமா கேட்போம்" என்றேன். கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு பிற்பகல் இடி விழுந்தது. கம்ப்யூட்டரும், இரண்டாம் பிரதிக்காக அதோடு எப்போதும் இணைந்திருந்த இன்னொரு டிஸ்கும் ஒன்றாகப் போயின. சரிசெய்பவர் இரண்டையும் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். நண்பன் முகம் சாம்பலாகிவிட்டது. நானோ, வெளியே சொல்லக்கூடாது, உள்ளுக்குள் தயாரானேன். மறுநாள் காலை உறையை மேசை நடுவில் வைத்தேன். அரக்கு ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. அதை நண்பனுக்குச் சுட்டிக்காட்டிய பிறகே உடைத்தேன்.

அலுவலகத்தில் வரைபடம் போடும் பெண் தன் வீட்டு மடிக்கணினியில் பென் டிரைவைச் சொருகினாள். வருடத்துக்கு ஒன்றாகப் பதினான்கு மஞ்சள் கோப்புறைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றைச் சொடுக்கினாள். திறக்கவில்லை. இன்னொன்றைச் சொடுக்கினாள். அதுவும் இல்லை.

"சார், இது வெறும் ஷார்ட்கட்டாக்கும்."

"அப்படின்னா?"

"திரையில நான் வச்சிருந்த குறியை மட்டும் எடுத்திருக்கிய. படமெல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளதான் இருந்துச்சு. கதவு நம்பரை எழுதி வச்சிருக்கிய சார், வீட்டைக் காணும்."

இரண்டு நொடியின் ரகசியம் அதுதான். ஒவ்வொரு மாதமும் சோதித்தேன்; உள்ளே இருப்பதை அல்ல, முத்திரையை.

நண்பன் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்ல என்னிடம் விதிகள் இருந்தன. அவன் மெதுவாக, "அண்ணாச்சிக்க கையில இருக்கும்லா?" என்று போனை எடுத்தான். மறுமுனையில் அவர் பேசியது எனக்கே கேட்டது.

"சார் எழுதிக் கேக்கேன்னு சொன்னாருல்லா. அவரே எழுதட்டும்."

நண்பன் போனை வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினான். "எழுது மக்கா. நல்லா எழுது. உனக்கு எழுதத் தெரியாதா?"

எத்தனையோ ஆயிரம் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். இதற்கு நான்கு வரைவு ஆனது. பொருள், பார்வை எல்லாம் போட்ட முதல் மூன்றையும் கிழித்தேன். கடைசியில் போனது இதுதான்: "உங்கள் பிரதிதான் பிரதி. என்னுடையது வெறும் உறை. உங்களை வர வேண்டாம் என்று சொல்ல வைத்தது நான். டிஸ்கைத் தந்து உதவ வேண்டும்." கையொப்பத்துக்குக் கீழே பதவியை எழுதவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் வரவில்லை. ஒரு வாரம் போனது. இனயம் ஊரில் ஒரு மதில் தகராறுக்குப் பழைய வரைபடம் கேட்டு வந்தவர்களிடம் நண்பன் "அடுத்த வாரம் வாருங்க" என்றான். நான் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். என் அலுவலக ஜன்னலுக்கு வெளியே எத்தனை பேரை இப்படி நிறுத்தியிருப்பேன் என்று சுசீந்திரத்துக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் சரியாக நிறுத்தினார்.

வந்தது ஒரு அஞ்சலட்டை. "டிஸ்க் பத்திரமாக உள்ளது. ஆடிக்குப் பிறகு வரைந்தவை அதில் இருக்காது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு படம் திறந்து பார்க்கும் பழக்கம் விடவில்லை, எல்லாம் திறக்கின்றன. இந்த வெள்ளி கொண்டு வருகிறேன்."

நண்பன் அதை வாசித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். டீக்கடைக்குப் போன் போட்டு வெள்ளிக்கிழமைக்கு ரசவடை சொன்னான். நான் அட்டையை வாங்கிப் பிழை தேடினேன். இல்லை. கையெழுத்தும் என்னுடையதைவிட அழகு. பதிவேட்டைத் திறந்து, அடுத்த எண்ணைப் போட்டு, அனுப்பியவர் என்ற இடத்தில் முதல்முறையாக "அண்ணாச்சி" என்று எழுதினேன். பெறப்பட்ட நாள்: கார்த்திகை ஒன்பது.