பாதியில் விட்ட ரஷ்ய நாவல்

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், அப்போது காஞ்சிபுரத்தில் சைக்கிளில் வைத்து மலிவு விலை ரஷ்ய நாவல்களை விற்றுக்கொண்டிருந்தேன். நெசவாளர் கூலிப் போராட்டக் கூட்டத்தில் ஒரு மாலை என்னையும் மேடை ஏற்றிவிட்டார்கள். பாதி மட்டும் படித்திருந்த ஒரு நாவலின் கதையை எடுத்துவிட்டேன்.

"ரஷ்யாவிலே விவசாயிகள் பண்ணையாரின் கிடங்கைக் கொளுத்தினார்கள்! நாம் ஏன் சும்மா இருக்கிறோம்?"

கைதட்டல் காதைப் பிளந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நாலைந்து பேர் எதிரிலிருந்த முதலாளியின் பட்டுக் கடையை நோக்கிக் கிளம்பியே விட்டார்கள்.

முன்வரிசையில் இருந்த நெசவுக்கார அம்மா ஒருவர் எழுந்து கத்தினார். "ஏம்பா புத்தகக்காரா, நீ எங்கிட்ட வித்த கதைதானே அது? நாங்க நூல் இழைச்சிக்கினு இருக்கும்போது என் பொண்ணு முழுசா படிச்சிக் காட்டினா. அந்தக் கிடங்குல இருந்தது கொளுத்துனவங்களோட விதைக் கோதுமைபா! கொளுத்திட்டு ஊரே பட்டினி கெடந்துது. இந்தக் கடையிலயும் நாம நெய்ஞ்ச சேலைங்கதான் இருக்குது!"

போனவர்கள் நின்றார்கள். நான் மைக்கை அவரிடம் நீட்டினேன். "மீதியை நீங்களே சொல்லுங்கம்மா."

அவர் சொல்லச் சொல்லக் கூட்டம் அசையாமல் கேட்டது. முடிவு தெரியாத நானும் கேட்டேன்.

கைதட்டலுக்காகப் பாதி படித்த கதையை மேடையில் சொன்னது இன்றும் உறுத்துகிறது. மறுநாளே சைக்கிளை நிழலில் நிறுத்திவிட்டு, விட்ட பக்கத்திலிருந்து படித்தேன். முடிவு தெரிந்தும் நெஞ்சு படபடத்தது.