எம்புட்டுப் பயம்?

நான் நன்றாக நடிப்பேன் என்று எங்கள் வீட்டில் எனக்கொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளப் பத்து வயதில் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

சித்தி அப்போது ராஜபாளையத்தில் எங்களோடுதான் இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. தினமும் பஸ்ஸில்தான் போய்வருவாள். ஒருநாள் அந்த பஸ் கவிழ்ந்தது. முறிந்த கை எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. தெருமுனையில் ஹாரன் கேட்டாலே வியர்த்துக் கொட்டும். கோடை விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

யாரோ கொடுத்த சின்னப் புத்தகம் ஒன்று சித்தியிடம் இருந்தது. மனசைத் தானே பழக்கிக்கொள்ளும் பயிற்சிகள். காலையில் கண்ணாடி முன் நின்று, பிரியமானவர்கள் கூப்பிடுவதுபோலத் தன்னைத்தானே கூப்பிட வேண்டும். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போட வேண்டும். பிறகு மெதுவாக மூச்சு விட வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போட்ட சித்திக்குத் தன் பயத்துக்குப் போட வரவில்லை. கையால் அளந்தாள்.

“ஏட்டி தங்கம், இன்னைக்கு எம்புட்டுப் பயம்?”

“இம்புட்டு.”

கேள்வியும் அவள்தான், பதிலும் அவள்தான். முதல் நாள் இரண்டு கைகளையும் விரித்ததில் ஒரு கை பீரோவில் இடித்தது. ஜன்னலுக்கு வெளியே நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, சோழபுரத்துப் பெரியப்பா ஒரு கூடை சப்பட்டை மாம்பழத்தோடு குடும்பமாக வந்தார். சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல, “ஏட்டி, எதையாச்சும் நடிச்சுக் காட்டு” என்றார். பழையதையெல்லாம் எல்லோரும் பார்த்தாயிற்று. புதுச் சரக்கு தேவைப்பட்டது.

சுவரைக் கண்ணாடியாக்கிக்கொண்டு, சித்தியின் குரலிலேயே கேட்டேன். பதிலுக்குக் கைகளை விரித்த விரிப்பில் தண்ணீர்ச் செம்பு உருண்டது. வீடே அதிர்ந்தது. பெரியப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அம்மாகூடச் சிரித்தாள்.

“யாருட்டி இது?” என்றார் பெரியப்பா.

நான் அடுக்களை வாசலைக் கைகாட்டினேன். நறுக்கிய மாம்பழத் தட்டோடு சித்தி அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் செய்யுறா” என்று அவளும் சிரித்தாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் ஜன்னலுக்குப் போனேன். கண்ணாடி மேல் துண்டு தொங்கியது. எட்டு மணி பஸ்ஸுக்குச் சித்தி கிளம்பவில்லை. அப்புறம் அந்த வேலைக்குப் போகவேயில்லை. என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வெட்கம் இதோடு முடிந்தாலும் பரவாயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் நான் ஜன்னலில் நின்றேன். சித்தி “இம்புட்டு” என்று காட்டியபோது, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் ஒரு மாம்பழம்தான் நின்றிருக்கும். தன் கைகளையே சற்று நேரம் பார்த்துவிட்டு அவள் கண்ணாடியில் சிரித்தாள். எனக்கோ ஏமாற்றம். இத்தனூண்டைக் காட்டினால் யார் சிரிப்பார்கள்? அதனால்தான் பெரியப்பா கேட்டபோது, சித்தியின் முதல் நாள் பயத்தை எடுத்து நடித்தேன்.